எது எதைப் பிடித்திருக்கிறது?

பூவாறுக்கும் பொழியூருக்கும் நடுவே, நெய்யாறு கடலைத் தொடும் இடத்தில் ஒரு மணல்திட்டு குறுக்கே கிடக்கிறது. வெயில் காலத்தில் ஆறு இளைக்கும், அலை மணலைக் கொண்டுவந்து கொட்டும், பொழி, அதாவது ஆற்றின் முகத்துவாரம், அடைந்துவிடும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஆறு பெருகித் திட்டை அறுத்துக்கொண்டு கடலில் இறங்கும். பொழி முறிந்த நாளில் கரையில் நின்றால் இரண்டு நிறத் தண்ணீர் தெரியும். ஆற்றிலிருந்து வருவது செம்மண் கலங்கல், எதிரே நிற்பது பச்சைக் கடல். இரண்டும் முட்டும் கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கலங்கலைக் காணோம்.

கடல் பெரிது, கலங்கல் அதில் நீர்த்துப் போயிற்று என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி வேதியியல். ஆற்று நீரில் மிதந்து வரும் களிமண் துகள்கள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. ஒரே வகை மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே துகள்கள் ஒட்டிச் சேராமல், அடியிலும் தங்காமல், நாள்கணக்கில் மிதந்தபடியே இருக்கின்றன. மண் கரையவில்லை, படியவும் இல்லை. இந்த நிலைக்குக் கூழ்மம் என்று பெயர். உப்பு நீருக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. கடல்நீரில் நிறைந்திருக்கும் சோடியம், மக்னீசியம், கால்சியம் அயனிகள் நேர்மின்னேற்றம் கொண்டவை. அவை துகள்களைச் சூழ்ந்துகொண்டு அந்தத் தள்ளலை மறைத்துவிடுகின்றன. தள்ளல் போனதும் துகள்கள் மோதி ஒட்டுகின்றன, திரள்கின்றன, கனத்து இறங்குகின்றன. கலங்கிய குளத்து நீரை ஊற்றும் முன் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அங்கும் நடப்பது துகள்களைத் திரள வைக்கும் வேலைதான். வெறும் கடல் செய்வதை அங்கே ஒரு விதையின் புரதங்களும் பசைப்பொருள்களும் செய்கின்றன.

ஒரு கலவையைப் பிரிக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்தப் பொழியிலேயே கிடைத்துவிடுகிறது: இங்கே எது எதைப் பிடித்திருக்கிறது, எவ்வளவு இறுக்கமாக? களிமண்ணை நீர் பிடித்திருக்கவில்லை. துகள்களின் பகைதான் அதை மிதக்க வைத்தது. பகையை நீக்கினால் போதும், தானே பிரிந்துவிடும். ஆனால் அதே கடல்நீரில் உள்ள உப்பு ஏன் அடியில் இறங்குவதில்லை? ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அகத்தியமலை அளவு உப்பே கரைந்தாலும் அது கலங்கலாகத் தெரியாது. எவ்வளவு நாள் வைத்தாலும் படியாது.

அணுக்கள் எலெக்ட்ரானைக் கொடுத்தும் வாங்கியும் பிணைவதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கல்லுப்பில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. அந்த அடுக்கை முழுதாகக் கலைத்து அயனிகளைத் தனித்தனியே தூரத்தில் நிறுத்த, 58.5 கிராம் உப்புக்கு 787 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அடுப்பில் வைத்தால் 801 டிகிரி செல்சியஸில்தான் உப்பு உருகவே தொடங்கும். அப்படிப்பட்ட பிடிப்பைப் பச்சைத் தண்ணீர் எப்படி ஒரு நிமிடத்தில் அவிழ்க்கிறது?

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின்னேற்றம், ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின்னேற்றம். திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய பிள்ளையை உறவுக்காரர்கள் சூழ்ந்து நிற்பதைப் போல, பெயர்ந்து வரும் ஒவ்வொரு சோடியத்தையும் நீர் மூலக்கூறுகள் ஆக்சிஜன் பக்கத்தை உள்நோக்கி வைத்துச் சூழ்ந்துகொள்கின்றன. குளோரைடை ஹைட்ரஜன் பக்கத்தால் சூழ்கின்றன. இப்படிச் சூழும்போது வெளியாகும் ஆற்றல் 783 கிலோஜூல். 787 செலவு, 783 வரவு. துண்டு விழுவது வெறும் 4. அந்த நாலையும் தண்ணீரே தன் வெப்பத்திலிருந்து கொடுத்துவிடுகிறது. உப்புக் கரைத்த நீர் சற்றுக் குளிர்ந்திருப்பது அதனால்தான். கரைதல் என்றால் பிடிப்பு அறுந்துபோவதில்லை. ஒரு பிடிப்புக்குப் பதில் ஏறக்குறைய அதே அளவு இன்னொரு பிடிப்பு வந்து உட்காருகிறது. இதைப் புரிந்துகொண்டால், உப்பை வடிகட்டிப் பிரிக்க முடியாது, நீரைத்தான் விரட்ட வேண்டும் என்பது விளங்கிவிடும். குமரி மாவட்டத்தில் புத்தளம், தாமரைக்குளம் உப்பளங்களில் வெயிலும் காற்றும் செய்வது அந்த விரட்டல்தான். நீர் குறையக் குறைய முதலில் சுண்ணாம்புப் பொருளும், பிறகு ஜிப்சமும், அதன் பின்பே சாப்பாட்டு உப்பும் படியும். மக்னீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே நிற்கும். அந்தக் கசப்பு நீரைத் திறந்து விட்டுவிட்டு உப்பை வாருவார்கள்.

இனி பனைக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தின் நடுவில் வைக்க அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கோடு விழுந்து விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனது. பாறசாலையிலும் கொல்லங்கோட்டிலும் கோட்டுக்கு இருபுறமும் பனையேறிகளின் சொல் மட்டும் மாறவில்லை. பதநீரை அக்கானி என்பார்கள், அதைக் காய்ச்சி எடுப்பது கருப்பட்டி. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும் முன் அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் விடிவதற்குள் அது கள்ளாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்பு நீரைக் காரமாக்குகிறது. நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் பெருக முடிவதில்லை. ஆனால் சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அக்கானியில் உள்ள சர்க்கரை சுக்ரோஸ், சுமார் 12 சதவீதம். சுக்ரோஸ் மூலக்கூறு என்பது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் நடுவில் ஓர் ஆக்சிஜனால் இணைக்கப்பட்டது. இந்த இணைப்பு சகப்பிணைப்பு, அதாவது எலெக்ட்ரான்களைப் பகிர்ந்து உண்டான கெட்டியான கட்டு. நீரில் சர்க்கரை கரையும்போது இந்தக் கட்டு அவிழ்வதில்லை. சர்க்கரை மூலக்கூறுகள் முழுசாக ஒன்றிலிருந்து ஒன்று விலகி, நீருடன் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன. ஆனால் அக்கானி புளித்தால் கதை வேறு. புளிப்பு, அதாவது அமிலம், அந்த நடு ஆக்சிஜனில் கை வைக்கிறது. கட்டு அறுந்து சுக்ரோஸ் இரண்டாகப் பிளக்கிறது. இனிப்பு போய்விடாது, சொல்லப்போனால் ஃபிரக்டோஸ் கூடுதல் இனிப்பு. ஆனால் இந்தப் பிளந்த சர்க்கரைகள் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், சுக்ரோஸ் படிகம் சேர்வதையும் தடுக்கும். அப்படிப்பட்ட அக்கானியை எவ்வளவு காய்ச்சினாலும் பாகாகவே நிற்கும், சிரட்டையில் ஊற்றினால் கட்டாகாது. பனையேறி கலயத்தில் தடவும் சுண்ணாம்பு நுண்ணுயிரைத் தடுப்பதோடு ஒரு வேதிப் பிணைப்புக்கும் காவல் இருக்கிறது. பனையிலிருந்து இறக்கிய பிறகு செய்வதெல்லாம் அந்தக் காவல் சரியாக இருந்ததா என்பதைப் பொறுத்தது.

அடுப்புக்குப் போவோம். பத்து லிட்டர் அக்கானியில் ஏறக்குறைய ஒன்பது கிலோ தண்ணீர். கொதிநிலையில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2260 கிலோஜூல் வேண்டும். ஒன்பது கிலோவுக்கு 20,000க்கு மேல். முதலில் கொதிக்க வைப்பதற்கு ஆவதையும் சேர்த்தால் 23,000 கிலோஜூல். இவ்வளவு ஏன் என்றால், நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடிப்பு ஒவ்வொன்றும் ஒரு மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல்தான். நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து வைத்திருக்கும் சகப்பிணைப்போ 463. விறகுத் தீ சிறிய பிடிப்பை அவிழ்க்கும், பெரியதைத் தொடாது. அதனால்தான் ஆவியாகப் போவதும் தண்ணீர்தான், குளிர்ந்தால் மறுபடி தண்ணீர்தான்.

காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15,000 கிலோஜூல் தரும். திறந்த அடுப்பு அதில் பத்தில் ஒரு பங்கைப் பானைக்குச் சேர்த்தால், பத்து லிட்டருக்கு 15 கிலோ விறகு. கிடைப்பது ஒன்றேகால் கிலோவை ஒட்டிய கருப்பட்டி. இந்தக் கணக்கைப் பள்ளிப் பாடத்தில் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பனை ஏறுவது ஆண்களின் உழைப்பு என்று பாராட்டப்படுகிறது. அந்த விறகையும் மட்டையையும் சருகையும் பொறுக்கிச் சேர்த்து, புகையில் உட்கார்ந்து காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஹைட்ரஜன் பிணைப்பின் விலை அவர்கள் கண்ணிலும் நுரையீரலிலும் எழுதப்பட்டது. கனடாவில் மேப்பிள் மரத்து நீரில் சர்க்கரை 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் நீர் காய்ச்ச வேண்டும். அங்கே பலர் இப்போது காய்ச்சும் முன் நீரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் அழுத்தி, பெரும்பகுதித் தண்ணீரை ஆவியாக்காமலே வெளியேற்றிவிடுகிறார்கள். தண்ணீர் திரவமாகவே வெளியே போவதால் ஆவியாக்கும் செலவு மிச்சம். அக்கானியில் சுண்ணாம்பு இருப்பதால் சவ்வில் அடைப்பு வரும். முதலில் பாஸ்பேட் சேர்த்துச் சுண்ணாம்பை வீழ்படிவாக்கி வடிக்க வேண்டும். செய்ய முடியாத காரியமில்லை. பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது வந்து சேர வேண்டும்.

கொதிக்கும் அக்கானி பொங்கி வழிய வரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்து ஒன்றிரண்டைப் போடுவார்கள். நுரை சட்டென்று அடங்கும். விதையின் எண்ணெய் நீரில் கரையாது, நுரைக் குமிழியின் மெல்லிய தோலில் பரவி அதைக் கிழித்துவிடும். தண்ணீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். சர்க்கரை மூலக்கூறுகள் நீரைப் பிடித்து வைப்பதால் அதை விரட்ட இன்னும் சூடு வேண்டியிருக்கிறது. 110 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். கரைந்து பரவினால் ஆகவில்லை, உருண்டு நின்றால் பதம். அந்த உருண்டையில் வெப்பமானியும் அடர்த்திமானியும் சேர்ந்தே இருக்கின்றன. இறக்கிக் கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான படிகங்கள் ஒரே நேரத்தில் முளைத்துக் கட்டாகிவிடும். நிறமும் மணமும் உப்புச்சத்தும் இடையிடையே சிக்கிக்கொள்ளும். கருப்பட்டிக்கு அதுதான் சுவை. அதே பாகைக் கட்டியாகும் அளவுக்குக் காய்ச்சாமல், நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டால் பனங்கற்கண்டு. மெதுவாக வளரும் படிகம் தன் அடுக்கில் பொருந்தும் மூலக்கூறை மட்டுமே ஏற்கும், மற்றதை வெளியே தள்ளிவிடும். படிகமாக்கலே ஒரு சுத்திகரிப்பு முறை என்று சொல்வது இதைத்தான். இந்தப் பொறுமைக்குக் கீழே மறுபடி வருகிறேன்.

மறுபடி கரைக்கு. பொழியூரிலிருந்து தெற்கே, கொல்லங்கோடு, நீரோடி, மிடாலம், குளச்சல் என்று போனால் முப்பது கிலோமீட்டர் அளவில் மணவாளக்குறிச்சி. மழைக்காலம் முடிந்த கரையில் சில இடங்களில் மணல் வரிவரியாகக் கறுத்துக் கிடக்கும். கரிமணல் என்பார்கள். அது மலையின் மிச்சம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை மழையில் சிதைந்தபோது, அதிலிருந்த ஃபெல்ட்ஸ்பார் கனிமம் களிமண்ணாகியது. பொழியில் கலங்கலாக வருவதில் அதன் பங்கு பெரிது. அதிலிருந்த சோடியமும் கால்சியமும் கரைந்து கடலுக்குப் போயின. நீரால் அவிழ்க்க முடியாத பிணைப்பு கொண்டவை மட்டும் மணலாக நின்றன: வெள்ளையாகக் குவார்ட்ஸ், கறுப்பாக இல்மனைட், சிவப்பாகக் கார்னெட், இவற்றோடு ரூட்டைல், சிர்கான், சிலிமனைட், தேன்நிற மோனசைட். பிறகு அலை வேலையை எடுத்துக்கொண்டது. குவார்ட்ஸ் நீரைப் போல 2.65 மடங்கு கனம், இல்மனைட் 4.7, மோனசைட் 5க்கு மேல். மழைக்கால அலை இலேசானதை வாரிக்கொண்டு போகும், கனத்தை விட்டுப் போகும்.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றுப் பொருளில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அது வந்த கரையைத் தேடி வந்தார். அப்போது ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டது தோரியம். எரிவாயு விளக்கின் மேண்டில் தோரியம் ஆக்சைடால் ஆனது; நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸின் வெள்ளை ஒளி வந்ததும் அதிலிருந்துதான். மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை அப்படித் தொடங்கியது. இன்று அங்கே இருப்பது 1950இல் உருவான இந்திய அருமண் நிறுவனம்.

இந்த மணலைப் பிரிப்பதில் ஒரு வசதி உண்டு. மணிக்கும் மணிக்கும் நடுவே பிணைப்பே இல்லை. அக்கானியில் கட்ட வேண்டிய விலை எதுவும் இங்கே கட்ட வேண்டாம். ஒன்றுக்கொன்று உள்ள வேற்றுமையை மட்டும் கண்டுபிடித்தால் போதும். நீரோடு சுருள்வழியில் இறக்கினால் கனமும் இலேசும் பிரியும். காயவைத்துக் காந்தத்தின் அருகே ஓட்டினால் இல்மனைட் ஒட்டும், ஏனென்றால் அதன் இரும்பில் ஜோடியில்லாத எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றி உருளையில் விட்டால், மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் மின்னேற்றத்தை இழந்து தெறித்து விழும். கடத்தாத சிர்கானும் மோனசைட்டும் உருளையிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போகும். மிஞ்சியதை இன்னும் வலுவான காந்தத்தில் விட்டால் மோனசைட் ஒட்டும், சிர்கான் ஒட்டாது. மோனசைட்டின் சீரியம், நியோடிமியம் அயனிகளிலும் ஜோடியில்லாத எலெக்ட்ரான் உண்டு. சிர்கானில் எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டன. அந்த வலுவான காந்த உருளைகளே இப்போது நியோடிமியம் கொண்டு செய்யப்படுகின்றன. மணலிலிருந்து எடுத்த உலோகம் மணலைப் பிரிக்க வருகிறது.

மோனசைட் மணி கைக்கு வந்ததோடு வேதியியல் முடியவில்லை. அதற்குள் சீரியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களும் தோரியமும் பாஸ்பேட்டோடு அயனிப் பிணைப்பில் கட்டுண்டிருக்கின்றன. உப்பைச் சூழ்ந்த தண்ணீர் இங்கே தோற்றுவிடும். மூன்று நேர்மின்னேற்றம் கொண்ட உலோகமும் மூன்று எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட்டும் ஒன்றையொன்று இழுக்கும் வலுவுக்கு, நீர் கொடுக்கும் ஈடு போதாது. அதனால்தான் பல லட்சம் ஆண்டு மழையிலும் அது கரையாமல் கரைக்கு வந்தது. 1952இல் ஆலுவாயில் தொடங்கிய ஆலையில் இதை அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினார்கள். பாஸ்பேட் சோடியத்தோடு சேர்ந்து நீரில் கரைந்து போகும். உலோகங்கள் ஹைட்ராக்சைடாகக் கரையாமல் நிற்கும். வடிகட்டி, மிஞ்சியதில் அமிலத்தை அளந்து விட்டால் அருமண்கள் கரையும், தோரியம் பின்தங்கும். கரையாத ஒன்றை வேதிவினையால் கரைகிறதாகவும் கரையாததாகவும் மாற்றிவிட்டு, பிறகு வடிகட்டுவது. அக்கானியின் சுண்ணாம்பை பாஸ்பேட்டால் வீழ்த்துவதும் இதே யுக்திதான், திசை மட்டும் எதிர்.

இதற்கப்பால்தான் உண்மையான கஷ்டம். லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை எல்லா அருமண்களும் பெரும்பாலும் மூன்று எலெக்ட்ரானை இழந்து ஒரே மாதிரி பிணைகின்றன. அயனியின் ஆரம் மட்டும் படிப்படியாகச் சுருங்குகிறது: லாந்தனம் 103 பிகோமீட்டர், நியோடிமியம் 98. பக்கத்துப் பக்கத்துத் தனிமங்களுக்கு வித்தியாசம் சராசரியாக ஒன்று, ஒன்றரை பிகோமீட்டர். 1841 முதல் டிடிமியம் என்ற ஒரே தனிமமாகக் கருதப்பட்டதை, 1885இல் வியன்னாவில் அவுர் ஃபொன் வெல்ஸ்பாக் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: பிரசியோடிமியம், நியோடிமியம். அவர் கையாண்ட முறை பனங்கற்கண்டின் முறையேதான். கரைசலைப் படிகமாக்கி, எடுத்து, கரைத்து, மறுபடி படிகமாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றை இன்னொன்றிலிருந்து விலக்கினார். எரிவாயு விளக்கின் மேண்டிலைக் கண்டுபிடித்தவரும் அவரே. மணவாளக்குறிச்சி மணலுக்கு விலை வந்தது அவரால். இன்று படிகமாக்கலுக்குப் பதில், நீரில் கலக்காத கரிமக் கரைப்பானோடு கரைசலைக் குலுக்குகிறார்கள். சற்றுச் சிறிய அயனி கரைப்பான் பக்கம் ஒரு துளி அதிகமாகப் போகும். அந்த ஒரு துளி வித்தியாசத்தை நூற்றுக்கணக்கான கலன்களில் திரும்பத் திரும்பப் பெருக்கி எடுத்தால்தான் சுத்தமான நியோடிமியம் கிடைக்கும்.

மின்வண்டி மோட்டாருக்கும் காற்றாலைக்கும் அது வேண்டும் என்பதால் கரிமணலுக்குத் தேவை ஏறியிருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம் முதல் கொல்லங்கோடு வரையிலான ஊர்களில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் 2024இல் வெளியே வந்தபோது, கரையோர மீனவ ஊர்கள் அதை எதிர்த்து நின்றன. அவர்கள் எதிர்ப்பில் வேதியியலுக்கும் பங்குண்டு. ஆலை பிரித்து எடுப்பது மணலின் ஒரு பகுதியை. குவார்ட்ஸைத் திரும்ப நிரப்பினாலும், அலைக்கு எதிரே கரையைக் கனமாக வைத்திருந்த இல்மனைட்டும் கார்னெட்டும் சிர்கானும் அதில் இருக்காது. மோனசைட்டிலிருந்து பிரியும் தோரியம் கதிரியக்கம் உள்ளது. அதை மூடிய இடத்தில் தலைமுறைகளுக்குக் காக்க வேண்டும். எதைப் பிரித்தோம் என்ற கணக்கோடு, மிஞ்சியது எங்கே போகிறது என்ற கணக்கையும் அந்த ஊர்கள் கேட்கின்றன. எந்தப் பிரிப்பு ஆலையின் வரைபடத்திலும் கடைசிக் குழாய் வரை அந்தக் கணக்கு இருந்தாக வேண்டும்.